கணக்கில் ஏறாத ஆட்டம்

உதைபந்தாட்டத்தில் முன்னணியில் நின்று ஆடுபவனைப்போல் எளிதிற் புகழப்படுபவனும் இல்லை. எளிதில் இகழப்படுபவனும் இல்லை. அவன் அடித்த கோல்களை எண்ணுகின்றோம்; அவ்வெண்ணையே அவன் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்கின்றோம். இது நேர்மையாகுமா என்பதனை, ஸ்பெயின் நாட்டவராகிய பெர்னாண்டோ டோரஸ் என்பாரது வாழ்வைக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

டோரஸ் 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திற் சேர்ந்து, 142 ஆட்டங்களில் 81 கோல்கள் அடித்தார். 2011 ஜனவரி 31-ஆம் நாள் லண்டன் நகரத்துச் செல்சி கழகத்தார் 5 கோடி பவுன் கொடுத்து அவரைப் பெற்றனர். பிரிட்டிஷ் கழகம் எதுவும் அதற்குமுன் ஓர் ஆட்டக்காரருக்காக அத்துணைப் பொருள் ஈந்ததில்லை.

அவ்விலையே அவருக்குப் பகையாயிற்று. முந்திய ஆண்டில் அவர்தம் முழங்கால் இரணசிகிச்சைக்கு உட்பட்டிருந்தது. பழைய விரைவு குன்றியிருந்தது. அதனைக் கருதுவார் இலர். செல்சிக்காக முதற்கோலை அடிக்க ஏறக்குறைய மூன்று திங்கள் சென்றன. அவ்வாண்டு செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தோடு ஆடியபோது, அழகியதொரு கோலை அடித்தார். பின்னர்க் கோல் காப்போனையும் கடந்து, வெறுமையாய்க் கிடந்த கோலுக்கு எதிரே நின்று, பந்தைப் புறத்தே உதைத்துவிட்டார். அடித்த கோலை உலகம் மறந்தது. தவறியதை மட்டும் சொல்லிச் சொல்லி நகைத்தது.

ஏழு திங்கள் கழிந்தன. 2012 ஏப்ரல் 24-ஆம் நாள் பார்சிலோனாவில், அரையிறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், தனியே ஓடிச்சென்று, முன்போலவே காப்போனைக் கடந்து, இம்முறை பந்தைக் கோலிற் சேர்த்தார். நகைத்த வாய்களே வாழ்த்தின. உண்மையை நோக்கின், அக்கோல் இல்லாவிடினும் செல்சியே இறுதியாட்டத்திற்குச் சென்றிருக்கும்.

அவ்வாண்டு மே 19-ஆம் நாள் மியூனிச் நகரில் இறுதியாட்டம் நடந்தது. எதிரிகளாகிய பேயர்ன் கழகத்தார் தம் சொந்த ஆடுகளத்தில் 83-ஆம் நிமிடத்தில் முந்திக்கொண்டனர். அதன்பின்னரே டோரஸ் களம் புகுந்தார். அவர் முயன்று ஒரு மூலை உதையைப் பெற்றுத்தந்தார். அதிலிருந்து ட்ரோக்பா தலையால் முட்டி ஆட்டத்தைச் சமனாக்கினார். முடிவில் பெனால்டி உதைகளில் செல்சி வென்று, ஐரோப்பியக் கிண்ணத்தை முதன்முறையாகப் பெற்றது. கோலடித்தவர் பெயர் என்றும் நிலைக்கும். மூலை உதையைப் பெற்றுத்தந்தவர் பெயர் எந்தக் கணக்கில் ஏறிற்று?

'கோலடிப்பதற்கன்றோ அவருக்குப் பொருள் கொடுத்தனர்? 172 ஆட்டங்களில் 45 கோல்கள் போதுமா?' என வினவுவார் உளர். போதா என்பதே எம் விடையும். எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் உண்மை முழுவதையும் அவை சொல்வதுமில்லை. வேண்டாத கோலொன்று அவற்றுள் அடங்கும். கிண்ணத்தை ஈட்டித்தந்த மூலை உதை அடங்காது. குறையைக் கூறுதல் நடுவுநிலையே. குறையை மட்டும் கூறி மனிதனை எள்ளுதல் நடுவுநிலையன்று. டோரஸோ ஆட்டத்தை விட்டாரல்லர். 2013-இல் ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் செல்சியின் முதற்கோலை அடித்தவர் அவரே.

இதனைத் தூரதேசத்துக் கதையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சென்ற பருவத்தில், வகுப்புகளுக்கிடையே நடந்த பந்தயமொன்றில் நம் மாணவ நண்பரொருவர் எளிய கோலொன்றைத் தவறவிட்டார். கோட்டருகே நின்று கைகொட்டி நகைத்தவர்களுள் யானும் ஒருவன். அன்று மாலைமுதல் அவர் ஆடுகளத்திற்கு வருவதில்லை. நாள்தோறும் நமக்கு முன்னே வந்து பந்துகளைக் காற்றடைத்து வைத்திருந்தவர் அவரே என்பது, அவர் வாராத பின்னரே எனக்கு நினைவு வந்தது.

தோழர்களே! களத்தில் நிற்பவனுக்கு ஒரு கணமே உண்டு. கரையில் நிற்கும் நமக்கோ எண்ணிப்பார்க்க நேரம் மிக உண்டு. அந்நேரத்தைச் சற்றே செலவிட்டபின் வாய் திறப்போமாக. யான் அந்நண்பரை அழைக்க நாளை அவர் அறைக்குச் செல்வதாய் இருக்கிறேன்.