எழுபத்து மூணு விக்கெட் எடுத்தும் வேலை போச்சு

ஒரு நிமிஷம் உங்களை இங்கிலாந்துக்கு அனுப்பி வைக்கிறேன். லங்காஷயர் பக்கம் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் கிரிக்கெட் கிளப்போட கமிட்டியில் நீங்களும் ஒரு ஆள். அடுத்த சீசனுக்கு ஒரு வெளிநாட்டு வீரரைச் சம்பளத்துக்கு எடுக்கணும். மேஜையில் ரெண்டு விண்ணப்பம். ஒண்ணு இருபத்து மூணு வயசுப் பையனோடது. வேகமா பந்து போடுவான், சிக்ஸ் அடிப்பான். இன்னொண்ணு முப்பதைத் தாண்டிய ஒரு ஸ்பின்னரோடது. பத்து வருஷ முதல்தர கிரிக்கெட் அனுபவம். பேட்டிங் பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் கொஞ்சம் கூச்சத்தோட.

யாருக்குக் கை தூக்குவீங்க?

நான் ஸ்பின்னருக்குத்தான். கமிட்டியில் நான் தோத்துடுவேன்னும் தெரியும். அதுக்கு ஒரு முன்னுதாரணமே இருக்கு.

1991. லங்காஷயர் லீக்கில் ஆக்ரிங்டன் கிளப் ஒரு ஆஸ்திரேலியப் பையனை எடுத்தது. லெக் ஸ்பின்னர், வயசு 21 (இந்த இடத்தில் நான் என் வயசை நினைச்சுப் பெருமூச்சு விட்டேன்). அந்த சீசனில் அவன் 73 விக்கெட் எடுத்தான், சராசரி 15 சொச்சம். ஆனா பேட்டிங்கில் 329 ரன்தான், அதுவும் சராசரி 15 கிட்டத்தான். அடுத்த வருஷத்துக்கு கிளப் அவனை வேண்டாம்னு சொல்லிடுச்சு. காசு வாங்குற ஆள் பந்தும் போடணும், ரன்னும் அடிக்கணும் என்பது அவங்க எதிர்பார்ப்பு. ரெண்டே வருஷம் கழிச்சு, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடக்கூடிய மான்செஸ்டர் மைதானத்தில், ஆஷஸ் டெஸ்டில் தன் முதல் பந்திலேயே மைக் கேட்டிங்கின் ஸ்டம்பைச் சாய்த்தான். ஆமாங்க, ஷேன் வார்ன்.

"பாவம் கமிட்டி, மேதையைக் கோட்டை விட்டாங்க"ன்னு சிரிக்கிறது சுலபம். நான் சிரிக்க மாட்டேன். அவங்க நிலைமையையும் பாருங்க. 1892-இல் ஆரம்பித்த லீக் அது. காலம்காலமா ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு சம்பள ஆட்டக்காரர்தான். மத்த பத்து பேரும் உள்ளூர் ஆட்கள்: வாத்தியார், பிளம்பர், பரீட்சைக்குப் படிக்கிற பையன். வார நாளில் வேலை, சனி ஞாயிறில் மேட்ச். அந்த ஒருத்தருக்காகத்தான் ஊர் டிக்கெட் வாங்கி வரும். யாராவது ஐம்பது அடிச்சா கூட்டத்துக்குள்ள உண்டியல் மாதிரி ஒரு டப்பா சுத்தி வரும், விழுந்த சில்லறை அடிச்சவருக்கு. இப்படி இருக்கும்போது கிளப் ஒரு லியரி கான்ஸ்டன்டைனைத்தான் தேடும். 1929 முதல் 1937 வரை நெல்சன் கிளப்புக்கு ஆடிய டிரினிடாட்காரர் அவர். பந்து, மட்டை, ஃபீல்டிங் மூணும் தீ. அந்த ஒன்பது சீசனில் நெல்சன் ஏழு தடவை சாம்பியன். அப்படி ஒருத்தரைப் பார்த்த ஊர்களுக்கு, "எனக்கு ஸ்பின் மட்டும்தான் வரும்"னு சொல்ற ஆள் பாதி ஆளாத்தான் தெரிவார்.

என் சண்டை இந்த "பாதி ஆள்" கணக்கோடுதான்.

வேகப்பந்து வீச்சாளர் நல்லா போட்டா ஸ்டம்ப் பறக்கும், கதை முடிஞ்சது. ஸ்பின்னருக்கு அப்படி இல்லை. கீப்பர் ஸ்டம்பிங்கை விடக்கூடாது, ஸ்லிப்பில் நிற்கிறவர் கேட்சை விடக்கூடாது. அந்தக் கீப்பர் வெள்ளிக்கிழமை வரைக்கும் பேங்க்ல உட்கார்ந்திருந்தவர்! மே மாசத்து லங்காஷயர் வேற. குளிரில் விரல் மரத்துப் போகும், பந்து ஈரம், பிட்ச் மெதுவா இருக்கும், எல்லைக்கோடு ஒரு பக்கம் கிட்டக்கவே இருக்கும். எதிரில் நிற்கிறவருக்கு டிஃபன்ஸ் தெரியாது, கண்ணை மூடிட்டு சுத்துவார். புத்தகத்தில் இருக்கிற நல்ல பந்து அங்கே சிக்ஸருக்குப் போகும்.

இங்கேதான் அனுபவம்னா என்னன்னு தெரியும். எந்த ஃபீல்டர் கை நம்பிக்கையானது, அவரை எங்கே நிறுத்தினா அங்கே அடிக்க வைக்கலாம், ஈரப் பந்தை எப்படிப் பிடிக்கணும், எப்போ சுழலே இல்லாம நேரா விடணும்... இதெல்லாம் நெட்ஸில் ரெண்டு வாரத்தில் வராது. வாரக் கடைசி மேட்சில் அவர் கேப்டன் பக்கத்திலேயே நிற்பார், புதன்கிழமை சாயங்காலம் கிளப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சிக்ஸ் அடிக்கிற பையன் ஊருக்குத் திரும்பும்போது சிக்ஸையும் எடுத்துட்டுப் போயிடுவான். விரலை எப்படி வைக்கணும்னு ஸ்பின்னர் கத்துக் கொடுத்தது அந்த ஊர்லயே இருக்கும்.

கிளப் வேலைனா ஏதோ கீழ்ப்படின்னு நினைக்கிறவங்களுக்கு வினு மன்கட். 1952-இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது, அவர் அதே லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். அணியில் இடம் உறுதின்னு வாரியம் சொல்லாததால், உறுதியா கிடைத்த கிளப் வேலையை எடுத்துக்கொண்டார். முதல் டெஸ்டில் இந்தியா தோற்றதும் கிளப்பிடம் கேட்டு அவரை வரவழைத்தார்கள். லார்ட்ஸில் 72, அப்புறம் 184. நடுவில் ஒரே இன்னிங்ஸில் 73 ஓவர் வீசி ஐந்து விக்கெட். மேட்ச் என்னவோ தோத்துட்டோம். சரி, மன்கட் பேட்டிங்கும் தெரிஞ்சவர், என் கட்சிக்கு முழு சாட்சி இல்லைன்னு நீங்க சொல்லலாம். ஒத்துக்கிறேன்.

அப்போ சன்னி ராமதீனை எடுத்துக்கோங்க. பேட்டிங்குக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. இந்திய வம்சாவளியில் வந்த டிரினிடாட்காரர். எந்தப் பக்கம் திரும்பும்னு கணிக்க முடியாத சுழல். 1950-இல் லார்ட்ஸில் 11 விக்கெட் எடுத்து, இங்கிலாந்து மண்ணில் வெஸ்ட் இண்டீஸுக்கு முதல் டெஸ்ட் வெற்றி வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர். அதுக்கப்புறம் சென்ட்ரல் லங்காஷயர் லீக்கில் கிராம்ப்டன் கிளப் அவரை எடுத்தது. அவர் அந்தப் பகுதியிலேயே தங்கிட்டார். டெல்ஃப் என்கிற கிராமத்தில் பப் நடத்தினார். மகளைக் கட்டியவர் லங்காஷயர் வீரர், பேரன் கைல் ஹாக்கும் அதே கவுண்டிக்குப் பந்து வீசினார். 2022-இல் 92 வயசில் இறந்தார். ஒரு சீசனுக்குன்னு எடுக்கிற ஸ்பின்னர் எவ்வளவு தூரம் வருவார்னு எந்தக் கமிட்டி கணக்குப் போட முடியும்?

இன்னைக்கு நம்ம விண்ணப்பக்காரருக்கு இன்னொரு தடையும் இருக்கு. சம்பளத்துக்கு ஆடணும்னா விளையாட்டு வீரர் விசா வேணும், அதுக்கு அந்த நாட்டு வாரியத்தோட ஒப்புதல் வேணும். சமீபத்தில் எந்த மட்டத்தில் ஆடினார்னு பார்ப்பாங்க. பத்து வருஷ அனுபவத்தில் கடைசிப் பகுதிக்குத்தான் மதிப்பு. சட்டம் அது, கமிட்டியைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா விசா கிடைக்கிற ஸ்பின்னரையும் "பேட்டிங் வராதா?"ன்னு திருப்பி அனுப்பினா, அது கமிட்டியோட வேலைதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு யோசிக்கிறீங்களா? போன மாசம் ஒரு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ. நாலு வருஷமா எம்பெடெட் தவிர வேற எதையும் உருப்படியா தொடாதவன் நான். அரை மணி நேரம் அதுலேயே கேட்டாங்க, எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஒருத்தர், "வெப் டெவலப்மென்ட் தெரியுமா?" "தெரியாது சார்." பேனாவை மூடினார். கம்பெனி பேர் வேண்டாம். நான் வார்னும் இல்லை, அந்த நப்பாசையும் இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து அந்த 329 ரன் கதையைப் படிச்சப்போ ஆக்ரிங்டன் ரொம்பத் தூரமா தெரியலை.

சரி, மேஜைக்குத் திரும்புவோம். ரெண்டு விண்ணப்பமும் அப்படியே இருக்கு. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பேட்டிங்தானே பிரச்சினை? மத்த பத்து பேரும் அடிக்கட்டும், அவரைப் பதினோராவதா இறக்கலாம். நான் கையைத் தூக்கிட்டேன். நீங்க?