‘நோர்மல்’ என்று வந்தால் போதுமா?



கோண்டாவிலில் இருந்து 56 வயது வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். கனடாவில் இருக்கும் மகள் காசு அனுப்பி, “அம்மா, எல்லா ரெஸ்ற்றும் ஒருக்கால் செய்து போடுங்கோ” என்றாளாம். இவரும் இரத்தம் கொடுத்தார். சூலகப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ‘சிஏ 125’ என்ற வரிக்கு நேரே ‘நோர்மல்’ என்று வந்தது. “இனிச் சூலகப் புற்றுநோய்ப் பயம் இல்லைத்தானே?” என்று கேட்கிறார்.

அப்படிச் சொல்ல முடியாது, அக்கா. ஆரம்பநிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு இந்த அளவு ஏறுவதே இல்லை. மறுபக்கம், மாதவிடாய், கர்ப்பப்பையில் வரும் சாதாரணக் கட்டி, ஈரல் நோய் என்று வேறு காரணங்களாலும் அது ஏறும்.

பிரித்தானியாவில் 50 முதல் 74 வயது வரையான இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை அல்லது ஸ்கான். 2021இல் முடிவு வந்தது. இரத்தப் பரிசோதனை சிலருக்கு நோயை முந்திக் காட்டியது. ஆனால் சாவு குறையவில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்விலும் பயன் இல்லை. அதில் நோயே இல்லாத 1,080 பெண்கள் பிழையான முடிவை நம்பிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். 163 பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. அதனால்தான் அறிகுறியும் குடும்ப வரலாறும் இல்லாத பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை மருத்துவ உலகம் பரிந்துரைப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நமது சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதில் செய்யும் பரிசோதனை கர்ப்பப்பைக் கழுத்துக்கானது. உயிர் காக்கும் பரிசோதனை அது, தவறவிடாதீர்கள். ஆனால் சூலகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அப்படியானால் எதைக் கவனிப்பது? இரண்டு இடியப்பத்தோடு வயிறு நிறைந்துவிடுகிறது. பாவாடை நாடா வரவர இறுகுகிறது. அடிவயிறு நோகிறது. அடிக்கடி சலம் போகிறது. ‘வாய்வு’ என்று ஓமத்தண்ணீர் குடித்து நாளைக் கடத்துகிறோம். ஒருநாள் வந்து போனால் பயமில்லை. புதிதாக வந்து, இரண்டு மூன்று வாரமாக விடாமல் நின்றால் மருத்துவரிடம் போங்கள். அப்போது அதே இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் உண்மையிலேயே உதவும். முன்பு ‘நோர்மல்’ என்று வந்த தாளைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.

தாய்க்கோ சகோதரிக்கோ மார்பு அல்லது சூலகப் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி வரும்வரை காத்திராமல் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பரம்பரை அலகுப் பரிசோதனை தேவையா என்று அவர் பார்ப்பார்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை 2013 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. பயத்தில் வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள்.

அக்கா, மகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்