இரவல் வாக்கியமும் திருட்டுப் பிரதியும்

நம் பல்கலைக் கழகங்களுக்கு இப்போது திருட்டு என்றால் மகா கோபம் வருகிறது. 2018-இல் பல்கலைக் கழக மானியக் குழு ஒரு விதி செய்தது. ஆராய்ச்சி மாணவரின் ஆய்வேட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சலிக்கிறார்கள். பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது நூற்றுக்கு 10 வரை என்றால் தண்டனை இல்லை. 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொண்டுவரவே கூடாது. அதற்கும் மேலே என்றால் பதிவே ரத்து. நல்ல விதிதான். கதை எழுதிப் பிழைக்கிற நான் இதை ஆட்சேபிப்பேனா?

ஆனால் அந்த ஏடு எந்த மென்பொருளில் அடிக்கப்பட்டது என்று எந்தக் கமிட்டியாவது கேட்டதுண்டா? "வேர்டு கோப்பாகக் கொண்டு வா" என்று பல துறைகளில் வாய்கூசாமல் சொல்லுகிறார்கள். வேர்டு ஒரு கம்பெனியின் சரக்கு, விலைக்கு விற்பது. உதவித் தொகை வருமா வராதா என்று காத்திருக்கிற பிள்ளை என்ன செய்யும்? தெருக்கோடிக் கடையில் பூட்டுடைத்த பிரதி ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் இது. நூற்றுக்கு 11 பங்கு இரவல் வாக்கியம் குற்றம். எழுதிய கருவி முழுக்க முழுக்கத் திருட்டு என்றால் குற்றமில்லை! இது என்ன நியாயம்?

வேறு வழியே இல்லையென்றால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்று பெயர். ஓபன் ஆபீஸிலிருந்து 2010-இல் பிரிந்து வந்தது. காலணா செலவில்லை. அடிக்குறிப்பு, பொருளடக்கம், பக்க எண், வழிகாட்டியின் திருத்தங்களைத் தனி நிறத்தில் காட்டுவது எல்லாம் இதில் உண்டு. மேற்கோள் நூற்பட்டியலுக்கு ஸோட்டெரோ என்ற இன்னோர் இலவச மென்பொருள் இதோடு சேர்ந்து உழைக்கும்.

"இலவசம்தானே, எப்படி இருக்கும்?" என்று படித்தவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். இங்கிலீஷில் காசில்லாததற்கும் கட்டில்லாததற்கும் ஒரே சொல். அதனால் வந்த மயக்கம் இது. தமிழுக்கு அந்தத் தரித்திரம் இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அதன் மூலத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒருவர் கண்டதை மற்றவர் சரிபார்ப்பதுதானே ஆராய்ச்சி? கல்விக் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எது?

"வேர்டில் திறந்தால் பக்கம் கலைகிறதே" என்பார்கள். உண்மை; சில சமயம் கலைகிறது. அட்டவணை நகர்கிறது, வரி மாறுகிறது. ஒரு கம்பெனியின் வடிவத்தையே எல்லாரும் கட்டிக்கொண்டு அழுவதால் வந்த வினை அது. திறந்த ஆவண வடிவம் 2006-லேயே சர்வதேசத் தரமாகிவிட்டது. முடிந்த ஏட்டைப் பி.டி.எஃப். ஆகக் கேட்டால் கலைகிற பேச்சே இல்லை. ஷோத்கங்காவில் ஆய்வேடுகள் அப்படித்தான் இருக்கின்றன.

தமிழர்களுக்கு இதைப் பாடம் சொல்லவும் வேண்டுமா? யூனிகோடு பரவுமுன் ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியீடு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் சங்க இலக்கிய ஆராய்ச்சி முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். பட்டுத் தெளிந்துதான் 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. எழுத்தைப் பொதுவாக்கிய நாம், எழுதுகிற ஏட்டை மட்டும் ஒருவர் பூட்டுக்குள் வைப்பானேன்?

"கம்பெனியே மாணவர்களுக்குச் சலுகை தருகிறதே" என்பது கடைசி வாதம். படிப்பு முடிந்தால் சலுகையும் முடியும். பழக்கம் மட்டும் மிஞ்சும். அந்தப் பழக்கத்துக்குக் கொடுத்த முன்பணம்தான் சலுகை. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருவது நம் பேராசிரியர்களுக்கு வராதா?

நான் கேட்பது புரட்சி அல்ல. சுற்றறிக்கையில் ஒரு வரி. திறந்த வடிவத்தில் வரும் ஏட்டையும் ஏற்போம், எந்தக் கம்பெனியின் சரக்கையும் வாங்கச் சொல்ல மாட்டோம் என்று ஒரு வரி. அதோடு முதலாண்டு மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. இதைச் செய்துவிட்டுப் பிறகு ஆய்வேட்டில் திருட்டைத் தேடட்டும். தேடுகிறவர்களுக்கு அப்போதுதான் அதற்கான யோக்கியதை இருக்கும்.