தெரிவதற்கு முன்பே விழும் முடிச்சு

திருமங்கலம் பேருந்து நிலையத்தை ஒட்டிய மெடிக்கல் ஒன்றில் டாக்டர் சீட்டை நீட்டினால் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். காக்காய் வலிப்புக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படும் மருந்து. வலிப்பை நன்றாக அடக்கும், விலையும் பெரிதில்லை. அந்த அட்டையை வாங்கி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அது மரபணுவின் மேல் இருக்கும் கட்டுகளிலும் கை வைக்கும் மருந்து என்று?

அது மருந்தான கதையே வேடிக்கையானது. 1882-ல் உருவாக்கப்பட்ட வால்ப்ரோயிக் அமிலம், மற்ற பொருள்களைக் கரைக்க உதவும் திரவமாகவே 80 ஆண்டுகள் ஆய்வகங்களில் கிடந்தது. 1960-களின் தொடக்கத்தில் பியர் எய்மார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதில் வெவ்வேறு மருந்துகளைக் கரைத்துச் சோதித்தார். எதைக் கொடுத்தாலும் வலிப்பு அடங்கியது. கடைசியில் பார்த்தால் வேலை செய்தது கரைத்த திரவம்தான். 1967-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. அடுத்த திருப்பம் 2001-ல். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன: ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் அசிட்டைல் குறிகளைப் பிடுங்கும் நொதிகளை இந்த மருந்து தடுக்கிறது.

ஹிஸ்டோன் என்றால் என்ன? மதுரைக்காரர்களுக்கு விளக்க ஒரு சுங்குடிச் சேலை போதும்.

வெள்ளைப் பருத்தித் துணியை நகத்தால் கொஞ்சம் கிள்ளி எடுத்து, அதைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பிறகு சாயத்தில் முக்கினால் மற்ற இடமெல்லாம் நிறம் ஏறும். முடிச்சுக்குள் சாயம் புகாது. காய்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியின் நுட்பம் இவ்வளவுதான். துணி ஒன்றுதான், எங்கே முடிச்சு விழுந்தது என்பதே கோலத்தைத் தீர்மானிக்கிறது.

உடம்பின் உயிரணுவுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஓர் உயிரணுவில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அடங்க வேண்டும். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருண்டை ஒவ்வொன்றின் மேலும் 147 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றியிருக்கிறது. இப்படிச் சுற்றிய மொத்த உருவத்துக்குப் பெயர் குரோமாட்டின். இறுக்கமாகச் சுற்றிய பகுதியில் உள்ள மரபணுவை உயிரணுவால் படிக்க முடியாது. தளர்ந்த பகுதி படிக்கப்படும். கண்ணில் இருக்கும் உயிரணுவிலும் கல்லீரலில் இருக்கும் உயிரணுவிலும் அதே டிஎன்ஏதான், முடிச்சுகள் வேறு.

இறுக்குவதும் தளர்த்துவதும் யார்? ஹிஸ்டோன்களிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களில் ஒட்டும் சின்னச் சின்ன வேதிக் குறிகள். அசிட்டைல் குறி ஒட்டினால் பெரும்பாலும் தளரும். மெத்தில் குறி எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து இறுகவும் செய்யும், திறக்கவும் செய்யும். ஹிஸ்டோனை ஜெர்மானியர் ஆல்பிரெக்ட் கோசல் கண்டுபிடித்தது 1884-ல். அதன் மேல் விழும் குறிகளுக்கும் மரபணு வேலை செய்வதற்கும் தொடர்பு இருக்கிறது என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி சொன்னது 1964-ல். குறியை ஒட்டும் நொதியே மரபணுவை முடுக்கும் புரதம் என்று டேவிட் அல்லிஸ் குழு காட்டியது 1996-ல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தப் புரதத்தை வெறும் சாக்கு மூட்டையாகவே உலகம் பார்த்திருக்கிறது.

குறி ஒட்டும் வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ரூபின்ஸ்டீன்–டேபி என்ற அரிய நோய் சாட்சி. அசிட்டைல் ஒட்டும் சிபிபி என்ற நொதிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். அகன்ற கட்டைவிரலும் குட்டையான உடலும் கற்றலில் தாமதமுமாகக் குழந்தை பிறக்கிறது. இந்தக் காரணம் 1995-ல் தெரிந்தது. புற்றுநோயிலும் இந்தக் குறிகள் தாறுமாறாகின்றன. அசிட்டைலைப் பிடுங்கும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட் மருந்துக்கு, தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2006-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதே வகையைச் சேர்ந்த கிவினோஸ்டாட், சிறுவர்களின் தசையைத் தின்னும் டூஷேன் நோய்க்கு 2024-ல் அனுமதி பெற்றது. ஆக, முடிச்சைத் தளர்த்துவது மருத்துவம்தான். யாருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி.

வால்ப்ரோயேட்டின் சிக்கலும் அந்த ‘எப்போது’-வில்தான் இருக்கிறது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாள்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று ஒரு பெண் சந்தேகப்பட்டுப் பரிசோதிக்கும்போது பெரும்பாலும் அந்தக் கெடு முடிந்திருக்கும், இல்லையென்றால் முடியும் தறுவாயில் இருக்கும். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்த தாய்களின் குழந்தைகளில் சுமார் 10 சதவீதம் பேருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பொதுவாக இது 2 முதல் 3 சதவீதம். பேச்சு, நடை, அறிவு வளர்ச்சியில் பின்தங்குவோர் 30 முதல் 40 சதவீதம் வரை. ஹிஸ்டோன் நொதியைத் தடுக்காத, இதற்கு நெருங்கிய உறவான வேறொரு வேதிப்பொருள் விலங்குக் கருக்களில் இந்த அளவு கேடு செய்யவில்லை. அதனால்தான் சந்தேகம் குரோமாட்டின் மேல் விழுகிறது. ஐரோப்பா 2018-ல் இந்த மருந்துக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டது. கருத்தடை உறுதியில்லாத பெண்ணுக்கு, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, தரக் கூடாது என்பது அதன் சாரம்.

நம் ஊரில் இதோடு இன்னொரு முடிச்சும் சேர்கிறது. வலிப்பு இருப்பதை மறைத்துத்தான் பல வீடுகளில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் மணத் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்ற சொல்லை நாடாளுமன்றம் 1999-லேயே நீக்கிவிட்டது. ஜாதகம் பார்க்கும் திண்ணையில் அது இன்னும் நீங்கவில்லை. புகுந்த வீட்டில் பீரோவுக்குள் ஒளித்துவைத்து மாத்திரை விழுங்கும் பெண், குழந்தை பெறுவதைப் பற்றி எந்த டாக்டரிடம், யாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பாள்?

மருந்தை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்தாலும் கதை இதேதான். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது கருவானவர்களை 60 ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 மரபணுவின் மெத்தில் குறிகள், பஞ்சம் படாத அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தன. இங்கே குறி விழுந்தது டிஎன்ஏ மேலேயே. ஆனால் டிஎன்ஏவுக்கும் ஹிஸ்டோனுக்கும் மெத்தில் வருவது ஒரே சமையலறையிலிருந்துதான். அந்தச் சமையலறைக்குச் சரக்கு அனுப்புகிறவை கீரையில் இருக்கும் ஃபோலேட்டும், பால், முட்டை, மீனில் இருக்கும் பி12 வைட்டமினும்.

புனே அருகே ஆறு கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழு 1990-களில் தொடங்கிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை குறைந்தாலும் கொழுப்பு குறையவில்லை. கர்ப்பத்தில் ஃபோலேட் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்களின் பிள்ளைகளுக்குத்தான் ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. சர்க்கரை நோய் மலிந்த மதுரை வட்டாரம் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இதை வைத்துத் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். தாது வருஷப் பஞ்சத்தில் பாட்டன் பட்டினி கிடந்ததால்தான் பேரனுக்குச் சர்க்கரை என்று மேடையில் பேசுவதும் அவசரம். கரு உருவாகும் தொடக்கத்தில் பழைய குறிகளில் பெரும்பகுதி அழிந்து புதிதாக எழுதப்படுகிறது. மனிதர்களில் தலைமுறை தாண்டிக் குறி வருவதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை.

சந்தைக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் தபஸ் குண்டு குழு, அசிட்டைல் ஒட்டும் பி300 நொதியை மஞ்சளின் குர்குமின் தடுக்கிறது என்று 2004-ல் காட்டியது. இந்தியா பெருமைப்பட வேண்டிய ஆய்வு. ஆனால் அது உயிரணுக்களில் பார்த்த விளைவு. வாயால் சாப்பிடும் குர்குமின் இரத்தத்தில் சேருவதே சொற்பம். தவிர, பி300 என்பது சிபிபியின் உடன்பிறப்பு. உடம்புக்கு அத்தனை தேவையான நொதியைச் சொந்த வைத்தியத்தில் அடக்குவது நல்லதுதானா என்று கேட்க வேண்டாமா? மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. ‘ஜீனையே மாற்றும்’ என்று விற்கும் டப்பாவுக்குப் பொருந்தும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தமிழக அரசு தருகிறது. நல்ல திட்டம், நாட்டுக்கே முன்மாதிரி. ஆனால் அது தொடங்குவது கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகு. அதற்குள் முதல் 28 நாள் போய்விடுகிறது. ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தை பெற்ற பெண்கள், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் அந்தக் குறை 72 சதவீதம் தடுக்கப்படுகிறது என்று 1991-லேயே ஏழு நாடுகளில் நடந்த சோதனை நிரூபித்துவிட்டது.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரிடமும் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு இருக்கிறது. அதில் புதிதாகப் பெயர் ஏறும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலமும் பி12-ம் அந்த வாரமே கொடுக்கலாம். வலிப்பு மருந்து சாப்பிடுகிறாரா என்று தனியாக அழைத்து, மாமியார் காதில் விழாமல் ஒரு கேள்வி கேட்கலாம். வால்ப்ரோயேட் அட்டையில் கர்ப்ப எச்சரிக்கையைத் தமிழில் அச்சடிக்க உத்தரவிடலாம். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையும், காமராசர் பல்கலைக்கழக உயிரியல் துறைகளும், திருமங்கலம் போகும் வழியில் தோப்பூரில் 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸும் சேர்ந்தால், புனேயில் நடந்ததுபோல ஓர் ஆய்வை இந்தக் கரிசல் கிராமங்களில் தொடங்க முடியும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் வலிப்புக்கு மருந்து சாப்பிடும் பெண் இருந்தால், கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் வரும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. ‘இந்தப் பிள்ளைக்கு இனிமேல் குழந்தை பிறக்கணும், மருந்தை மாத்தணுமா?’ என்று கேளுங்கள். இருக்கும் மாற்று மருந்துகளில் எது பொருந்தும் என்று அவர் சொல்வார்.