ஆடும் கம்பங்களும் அசையாத அதிகாரிகளும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செல்போன் கம்பத்தை ஆட்டிவைக்க அவ்வளவு பெரிய காற்று வேண்டாம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராக வீசினாலே போதும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக் கம்பத்தைக் கடக்கும் அந்தக் காற்று, இருபுறமும் மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கும்; ஒவ்வொரு புறமும் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு. கம்பத்தின் இயல்பான அசைவும் அதே கதியில் அமைந்துவிட்டால், காற்றுக்குக் குறுக்காக ஆட்டம் பிடிக்கும், மணிக்கு 6,000 முறைக்கும் மேல். நட்டுகள் தளர்வதும், அடித்தட்டின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழைக் கீறல் விழுவதும் இப்படித்தான்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என நெருக்கியடித்த தெருக்களின் மொட்டைமாடிகளில் இந்தக் கம்பங்கள் நிற்கின்றன. தோல் பதனிடும் இந்த ஊர்களில், உப்பிட்ட பச்சைத்தோலை உதறும் இடங்களில் பறக்கும் உப்புத்தூள், இரும்பின் துத்தநாகப் பூச்சுக்குப் பகை. 4ஜி வந்தது, 2022 அக்டோபரில் 5ஜியும் வந்தது. உச்சியில் புதிய ஆன்டெனாக்களின் பாரம் ஏறினால் கம்பத்தின் ஆட்டம் மந்தமாகும். அதைக் கிளப்ப முன்பைவிட மெல்லிய காற்றே போதும். பழைய உறுதிச் சான்றிதழ் அன்றே வெற்றுக் காகிதம். எத்தனை கம்பங்களுக்கு மறுகணக்கு போட்டீர்கள்? நிறுவனங்களும் நகராட்சிகளும் பட்டியலை வெளியிடட்டும். வாடகை வந்தால் போதும் என்றிருக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் இதில் பங்குண்டு.

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. இங்கிலாந்தின் எம்லி மூரில் 385 மீட்டர் ஒளிபரப்புக் கம்பம் 1969 மார்ச் 19 அன்று சாய்ந்தது. பனிக்கட்டிப் பாரத்தோடு, சீராக வீசிய மிதமான காற்று எழுப்பிய ஆட்டமும் காரணம் என்றது விசாரணை. அதே வகைக் கம்பங்களுக்குள் கனத்த இரும்புச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு ஆட்டத்தை அடக்கினார்கள். கம்பத்தின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குத் திருகுச் சுற்றாகத் தகடு பொருத்தினால் சுழிகள் ஒன்றுசேராமல் சிதறும். காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்க்கச் சென்னை தரமணியிலேயே மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து சில மணி நேரப் பயணம், அதற்குக்கூடவா சோம்பல்?

கட்டமைப்பு சரிந்து உயிர் போவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல: 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 பேர் மாண்டார்கள். பிணங்களை எடுத்த பிறகு ஆய்வுக்கு வருவது ஆய்வாகாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டைமாடிக் கம்பம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்ய வேண்டும். தேறாதவற்றிலிருந்து கூடுதல் ஆன்டெனாக்களை உடனே இறக்க உத்தரவிட வேண்டும். சிக்னல் குறைந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.