கருண் சந்தோக் எடுத்தது 0 பாயின்ட்தானா?

வேலப்பன்சாவடி தாண்டி பெங்களூரு ஹைவேயில் போனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். அந்த உலகத்திலேயே வளர்ந்த சென்னைப் பையன் கருண் சந்தோக், 2007-ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஜிபி2 ரேஸ் ஜெயித்தவர். ஃபார்முலா 1-ல் மட்டும் 11 ரேஸ், 0 பாயின்ட். உடனே ‘வேஸ்ட்’னு சொல்லிடுறாங்க.

கொஞ்சம் நியாயமா பாருங்க. 2010 பஹ்ரைனில், ஒரு லேப்கூட டெஸ்ட் பண்ணாத எச்ஆர்டி காரை நேரா குவாலிஃபையிங்கில்தான் முதல்முறை ஓட்டினார். 10 ரேஸ் முடிந்ததும் சீட் சகோன் யமமோட்டோவுக்குப் போனது. கடைசி வரிசை டீம்களில் திறமையோடு ஸ்பான்சரையும் கூட்டிட்டு வரணும். இது ஊரறிந்த ரகசியம். 2011-ல் இந்தியாவிலேயே முதல் கிராண்ட் பிரிக்ஸ் நடந்தபோது, லோட்டஸ் டீம் அவருக்குக் கொடுத்தது வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் மட்டும்தான்.