நேப்பாளம்: எழுத்தறிவு உயர்ந்தது, பிறர் துயரை அறியும் படிப்பு எங்கே?

காட்மாண்டு - நேப்பாளத்தில் 2011-இல் 65.9 விழுக்காடாக இருந்த எழுத்தறிவு, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 76.2 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால், பக்கத்து வீட்டாரின் துயரத்தை உணரும் மனமும் கூடவே வளர்ந்ததா என்பது கேள்விக்குறியே.

தீண்டாமையை அந்நாட்டுச் சட்டம் 1963-இலேயே கைவிட்டது. 2011-இல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. இருந்தும் 2020 மே மாதம் மேற்கு ரூக்கும் மாவட்டத்தில், வேற்றுச் சாதிப் பெண்ணை விரும்பிய தலித் இளைஞர் ஒருவரும் அவருடன் சென்ற நண்பர்களுமாக 6 பேர் கும்பலால் விரட்டப்பட்டு உயிரிழந்தனர்.

சட்டம் சொல்வதை மனம் ஏற்க, பள்ளி உதவ வேண்டும். அங்கோ பள்ளியே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் 'போர்டிங்' எனப்படும் ஆங்கில வழித் தனியார் பள்ளிக்குச் செல்கின்றனர். ஏழைகள், தலித்துகளின் பிள்ளைகளே அரசின் சமூகப் பள்ளிகளில் அதிகம். ஒரே ஊரில் பிறந்தும் ஒரே பெஞ்சில் உட்காராத பிள்ளைகளுக்கு, மற்றவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது எப்படித் தெரியும்?

இந்தப் பிரிவில் மலேசியாவுக்கும் தொடர்புண்டு. இங்குப் பாதுகாவலராகவும் தொழிற்சாலையிலும் உழைக்கும் நேப்பாளியர் பலர் அனுப்பும் பணம், போர்டிங் பள்ளிக் கட்டணமாகிறது. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற தவிப்பு நியாயமானதே. ஆனால், அக்கறையுள்ள பெற்றோர் விலக விலக, சமூகப் பள்ளிக்காகக் குரல் கொடுப்போர் குறைகின்றனர்.

வாசிப்பின் நிலையும் இதுதான். 124 தாய்மொழிகள் பதிவான நாட்டில், வீட்டில் பேசாத மொழியில் பாடம் தொடங்கும் குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும், பொருள் எட்டாது. லட்சுமி பிரசாத் தேவ்கோட்டாவின் 'முனா மதன்' காவியத்தில், பொருள் தேடி லாசா சென்ற மதன் நோயுற்றபோது கூட வந்தவர்கள் கைவிட, வேற்றினத்தவரான ஒரு போட்டேதான் காப்பாற்றுகிறார். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கும். 'நானாக இருந்தால் நின்றிருப்பேனா?' என்று வகுப்பில் பேசினால்தான் மனம் அசையும்.

2025 ஏப்ரலில் பள்ளிக் கல்விச் சட்டம் கோரி ஆசிரியர்கள் காட்மாண்டு வீதிகளில் திரண்டனர். சம்பளமும் பதவி நிரந்தரமும் முக்கியமே. அதோடு, சமூகப் பள்ளிக்கு நூலகமும், கதையை நிதானமாகப் பேச ஆசிரியருக்கு நேரமும் கிடைக்க வேண்டும். இல்லையேல் எழுத்தறிவுக் கணக்கு மட்டுமே ஏறும்.